பெயர் எழுத வேண்டாம்

ஹால்விக், வடக்கு டகோட்டா
மார்ச் 4, 1995

அன்புத் தங்கை சோல்வெய்க்கு,

அண்ணன் ஆர்விட் எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அந்த ஓரிகன் மழையில் இன்னும் பூசணம் பிடிக்காமல் இருக்கிறாயா? போன் மட்டும் செய்யாதே. தானியம் உலர்த்தும் மெஷின் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியதில் காது போய்விட்டது. ரிசீவரை வைத்தால் யாரோ எதையோ வறுக்கிற சத்தம்தான் கேட்கிறது. எழுது.

நல்ல சேதி இருக்கிறது. பழைய பேங்க் கட்டடத்தில் உனக்கு அறை பிடித்தாயிற்று. ஐரீனின் சாய்வு நாற்காலிகள் இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, வீட்டில் அவற்றை நான் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? அவள் தையல் மெஷினும் போன வாரம் சர்ச்சுக்குப் போய்விட்டது.

பெயர்ப்பலகையும் தயார். எதிர்ப்பண்ணை டெல்மர்தான் எழுதினான். ஊரில் அவனுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் சைக்காலஜிஸ்ட் என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு 'பி' போட வேண்டும் என்றதும் ஏணியை விட்டு இறங்கிவிட்டான்.

"வாயில வராத எழுத்துக்கு எதுக்குடா பெயிண்ட வீணாக்கணும்?"

"டிக்ஷனரில அப்படித்தான்டா இருக்கு."

"டிக்ஷனரிக்காரன் வந்து பெயிண்ட்டுக்குக் காசு குடுப்பானா?"

கடைசியில் அவன் மனைவி வெர்னா வந்து ஒரு சத்தம் போட்ட பிறகுதான் எழுதினான். 'டாக்டர் சோல்வெய் ஆஸ்லண்ட், சைக்காலஜிஸ்ட்.' தெருக்கோடியிலிருந்தே தெரிகிறது. மாவட்டப் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுத்துவிட்டேன், ஜூன் முதல் நீ இங்கே இருப்பாய் என்று. ஏதோ லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாயே, ஓரிகனில் வாங்கியது என்ன ஆயிற்று? என் டிரைவிங் லைசென்ஸ் நாடு பூரா செல்லுகிறது. அதை வைத்துக்கொண்டு எந்த மாநிலத்தில் வேண்டுமானாலும் யார் மேலும் வண்டியை ஏற்றலாம். நீ மனுஷர்களை உட்காரவைத்துப் பேசப்போகிறாய், அவ்வளவுதானே?

சீக்கிரம் வந்து சேர்.

உன் அண்ணன்,
ஆர்விட்


யூஜீன், ஓரிகன்
மார்ச் 15, 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

சோல்வெயின் வணக்கம். பூசணம் இல்லை, சளி மட்டும்தான். உன் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பலகையை உடனே இறக்கிவிடு. நம் மாநிலத்தின் லைசென்ஸ் கையில் இல்லாதவர் அந்தச் சொல்லைத் தன் பெயரோடு போட்டுக்கொள்ளக் கூடாது. ஓரிகன் லைசென்ஸ் ஓரிகனோடு சரி. எல்லையைத் தாண்டினால் நான் வெறும் சோல்வெய். அங்கே இருப்பவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, கடிதத்தில் எழுதினாலும் அது தப்புதான்.

லைசென்ஸ் கொடுக்கிற மாநில வாரியம் கேட்பது இவ்வளவு: படித்த இடத்திலிருந்து மதிப்பெண்கள், எழுதின தேர்வின் முடிவு, பயிற்சிக் காலத்தில் என்னை மேற்பார்வை செய்த டாக்டரின் கையெழுத்து, என் நடத்தைக்கு மூன்று பேரின் சான்று. எல்லாம் போன பிறகு மாநிலச் சட்டத்தில் வாய்மொழித் தேர்வு. என்னை மேற்பார்வை செய்தவர் ஓய்வு பெற்று அலாஸ்காவில் மீன் பிடிக்கிறார். அவரைப் பிடிப்பதுதான் பாடு. ஜூனுக்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. பலகையைப் பார்த்துவிட்டு யாராவது உன்னிடம் வந்து எதையாவது சொன்னால், அவர்கள் பெயரை எனக்கு எழுத வேண்டாம். லைசென்ஸ் இல்லாத என் கையில் ஒருவருடைய அந்தரங்கம் பெயரோடு கிடக்கக் கூடாது. அதோடு நம் ஊர்த் தபால் ஆபீஸில் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் போயிருக்காது.

ஐரீன் அண்ணியின் நாற்காலிகளையே கொடுத்துவிட்டாயா? சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மழுப்பாமல் எழுது.

அன்புடன்,
சோல்வெய்


ஹால்விக்
ஏப்ரல் 2, 1995

அன்புத் தங்கைக்கு,

இங்கே பனி இன்னும் உருகவில்லை, நான் உறையவுமில்லை. உன் சளி போயிற்றா? வெங்காயத்தை நறுக்கித் தலைமாட்டில் வைத்துப் படு. டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

பலகையை இறக்கியாயிற்று. டெல்மர் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, "வகுப்புல தண்டனை வாங்கின பய மாதிரி நிக்குது பாரு" என்றான். தூக்கத்தைப் பற்றிக் கேட்டாய். தூக்கம் வரும், போகும். அதை விடு.

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று, சோல்வெய். ஊரில் ஒரு ஆள் இருக்கிறான். பெயர் எழுதவில்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தானியம் கொட்டுகிற எலிவேட்டர் கிடங்கில் காபி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன்தான். இரண்டு வருஷமாகக் கோதுமைக்குக் கதிர் நோய். அதனால்தானா, இல்லை வேறு ஏதாவதா, தெரியவில்லை. ஷெட்டுக்குள் போய் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான், சாவி போடுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கிறான். ஆசை ஆசையாகச் சேர்த்த தூண்டில்களை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டான். "நான் இல்லேன்னாலும் கோதுமை மொளைக்கும்ல" என்று ஒரு நாள் சொன்னான், வானிலை சொல்கிற மாதிரி.

இதற்கு என்ன பதில் சொல்வது? என்ன செய்வது? எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, நீயும் நேராகச் சொல்.

உன் அண்ணன்,
ஆர்விட்


யூஜீன்
ஏப்ரல் 27, 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். வெங்காயத்தால் இல்லை, சளி தானாகப் போனது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வாரியத்திலிருந்து ஒரு சின்ன விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஜூனில் முடியாது. இலை உதிர்கிற சமயம் ஆகிவிடும் போலிருக்கிறது. நீ பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பு எத்தனை வாரம் வந்தது? ஒன்றை நறுக்கி அனுப்பு, ஆல்பத்தில் ஒட்டி வைக்க ஆசை.

அந்த ஆளைப் பற்றி டாக்டராக என்னால் ஒரு வரி கூட எழுத முடியாது. இப்போது முன்னைவிடவும் முடியாது. மைனாட் நகரத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், முகவரி கீழே. அவரிடம் போகச் சொல். தள்ளிப் போட வேண்டாம்.

அண்ணா, ஒருவன் தன் ஷெட்டில் சாவி போடாமல் உட்கார்ந்திருப்பது உனக்கு எப்படித் தெரியும்? அவன் தட்டில் சாப்பாடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது எப்படித் தெரியும்? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

இனி தங்கையாக எழுதுகிறேன். ஒரு மாதம் இங்கே வந்து இரேன். கடலுக்குப் போவோம், நண்டு சாப்பிடுவோம். விதைப்பை டெல்மர் பார்த்துக்கொள்வான்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
சோல்வெய்


ஹால்விக்
மே 20, 1995

அன்புத் தங்கைக்கு,

நலம்தான். வயலில் தண்ணீர் நிற்கிறது, விதைப்பு பாதிதான் ஆகியிருக்கிறது. எல்லோரும் வானத்தைத் திட்டிக்கொண்டு காபி குடிக்கிறோம். விதைக்கிற மாதத்தில் கடல் பார்க்கப் போகிறவன் விவசாயியா? நீ நண்டைச் சாப்பிட்டு எனக்குக் கடிதத்தில் எழுது, போதும். அறிவிப்பை நறுக்கி உள்ளே வைத்திருக்கிறேன். நான்கு வாரம் வந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். கண் இருக்கிறது, தெரிகிறது.

மைனாட்டுக்குப் போகச் சொன்னேன். "அந்த ஆஸ்பத்திரி வாசல்ல என் பிக்கப் நின்னா, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள ஊரே பேசி முடிச்சிருக்கும்" என்கிறான். வேறு வண்டியில் போகலாம் என்றாலும் கேட்கவில்லை. "முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட உக்காந்து அழச் சொல்றியா? சோல்வெய்ன்னா பேசுவேன். அவ நம்ம பொண்ணு. வரட்டும்" என்கிறான்.

அந்தச் சின்ன விளக்கத்தை எழுத உனக்கு எத்தனை மாதம் வேண்டும்? வர மனசில்லை என்றால் சொல்லிவிடு, அறையைச் சிலந்திக்கு வாடகைக்கு விடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபத்தில்தான்.

ஆர்விட்


யூஜீன்
ஜூன் 8, 1995

என் அன்பு அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம், இல்லை என்று நீ எதுவும் எழுத வேண்டாம். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஆள்தான். அழுகை வந்தால் அதை நக்கலாக மாற்றிவிடுகிற ஆள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று மட்டும் அவனிடம் சொல். எனக்கு அவன் வேண்டும் என்றும் சொல். டாக்டராக இதைச் சொல்லவில்லை.

எனக்காக இரண்டு காரியம் செய். ஏன் என்று கேட்காதே. உன் வீட்டில் இருக்கும் துப்பாக்கிகளை எடுத்துப்போய்ப் பாஸ்டர் லிண்டிடம் கொடு. நான் வரும்வரை அவர் வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, சாயங்காலச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடாதே. டெல்மர் வீட்டுக்குப் போ. வெர்னாவின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டாவது சாப்பிடு.

சத்தியமாக வருகிறேன் அண்ணா. எனக்கு வர மனசில்லை என்று மட்டும் நினைக்காதே.

உன் சோல்வெய்


ஹால்விக்
ஜூலை 1, 1995

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் பருத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

துப்பாக்கிகளைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். "எதுக்கு ஆர்விட்?" என்றார். "என் தங்கச்சி சொன்னா" என்றேன். பாஸ்டரும் மேலே ஒன்றும் கேட்காமல் அலமாரியில் பூட்டிவிட்டார். எனக்கே காரணம் தெரியாதபோது அவருக்கு என்ன சொல்வது?

சாப்பாட்டுக்கு நானாகப் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரமாக டெல்மரே சாயங்காலம் ஆனால் வந்து நிற்கிறான். "கெளம்புடா, வெர்னா ஹாட்டிஷ் பண்ணிருக்கா" என்கிறான். டுனா மீனும் நூடுல்ஸும் போட்டு அவள் சுடுகிற அந்தச் சமாச்சாரத்தை மனுஷன் தினமும் சாப்பிட முடியுமா? முடியவில்லை என்றால் என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு நான் ரொட்டி தின்கிறதைப் பார்க்கிறான். "என்னடா, எனக்குக் காவலா?" என்றேன். "ஆமா, சம்பளமில்லாத காவல்" என்றான்.

உன் கடிதத்தில் அந்த ஆளுக்கு எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அவளுக்குத் தெரிஞ்சுருச்சா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். இப்போது முன்னைக்குப் பரவாயில்லை. முகம் தெளிந்திருக்கிறது.

லைசென்ஸ் எப்போது என்று இனிமேல் கேட்க மாட்டேன். அது வரும்போது வரட்டும். உன்னை அன்றைக்குக் குத்திப் பேசியதை மறந்துவிடு.

உன் அண்ணன்,
ஆர்விட்


யூஜீன்
ஜூலை 25, 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நன்றாகத் தூங்கினேன், எடை கூடிய என் அண்ணனுக்கு வாழ்த்து.

வாரியத்தின் விளக்கம் முடிந்தது. செப்டம்பரில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அலாஸ்காக்காரரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார், உறையில் மீன் வாடை. மாநிலச் சட்டத்தை உருப்போடுகிறேன். யாரை எப்போது சைக்காலஜிஸ்ட் என்று சொல்லலாம் என்ற பகுதி எனக்கு நன்றாக மனப்பாடம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நீ என்னிடம் எதையும் விளக்க வேண்டாம். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் பேசலாம். டெல்மருக்கும் வெர்னாவுக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அறுவடை முடியும்வரை டெல்மரை விடாதே.

முத்தங்களுடன்,
சோல்வெய்


ஹால்விக்
செப்டம்பர் 6, 1995

சோல்வெய்,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

டெல்மர் போய்விட்டான். வியாழக்கிழமை காலையில் தன் ஷெட்டில். அறுவடை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, என் காதுதான் தெரியுமே. வெர்னா சாலையைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், வாய் மட்டும் அசைந்தது. அவன் துப்பாக்கிதான். நேற்று அடக்கம் செய்தோம். பாஸ்டர் நன்றாகப் பேசினார் என்று சொன்னார்கள். சர்ச் நிறைய ஆட்கள், நிற்க இடமில்லை. அவர்களில் பாதிப் பேர் அவன் சொன்ன ஜோக்குகளைச் சொல்லி அழுதார்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. அவனும் பேரைச் சொல்லாதே என்று கேட்டிருந்தான். இனி என்ன? அந்த ஆள் அவன்தான். உனக்குத்தான் ஜூனிலேயே தெரிந்துவிட்டதே.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த ஆறு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ படித்தவள், ஏதோ காரணம் இருக்கும், எனக்கு விளங்கும்படி சொல். துப்பாக்கியைப் பாஸ்டரிடம் கொடு என்றாயே, ஏன் என்னுடையதைச் சொன்னாய்? ஏன் அவனுடையதைச் சொல்லவில்லை?

ஆர்விட்


யூஜீன்
செப்டம்பர் 22, 1995

அண்ணா,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

காரணம் ஒன்றும் இல்லை. நான் அது நீ என்று நினைத்தேன்.

'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு' என்று ஆரம்பித்து எங்களிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அது பழகிவிட்டது. ஐரீன் அண்ணி இல்லாத வீடு, நீ கொடுத்துவிட்ட நாற்காலிகள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு மழுப்பல், எல்லாவற்றையும் நானே கூட்டிப்பார்த்து முடிவு கட்டிவிட்டேன். உன்னை வெட்கப்படுத்தக் கூடாது என்று உன் பெயரைச் சொல்லாமல் பூடகமாக எழுதினேன். ஏப்ரலில் நீ என்னை நேராகத்தான் கேட்டாய். அவனை நேராகக் கேள், சாகத் தோன்றுகிறதா என்று கேட்டுவிடு, அவன் வீட்டில் இருக்கிற துப்பாக்கிகளை எடுத்துவிடு, தனியாக விடாதே என்று நான்கு வரி எழுதியிருக்கலாம். எழுதாததற்கு ஒரு காரணம் இருந்தது. வேண்டாம், அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

இன்னொன்றையும் கேள், அப்புறம் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. ஜூனில் உனக்குக் கடிதம் போட்ட கையோடு டெல்மருக்குப் போன் செய்தேன். அண்ணனுக்கு மனசு சரியில்லை, தனியாக விட்டுவிடாதே, பக்கத்திலேயே இரு என்று அவனிடம் கெஞ்சினேன். "ஆர்விட்டா?" என்றான். ஆமாம் என்றேன். "சரிம்மா, நீ கவலைப்படாத. நான் இருக்கேன்ல" என்றான். என்னோடு பேச வேண்டும் என்று அவன் எனக்காகக் காத்திருந்திருக்கிறான் அண்ணா. நானே கூப்பிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை அவனைக் கேட்கவில்லை. அவன் இருக்கிற தைரியத்தில்தான் கோடை முழுவதும் நான் கிளம்பி வராமல் இருந்தேன்.

போன வாரம் தேர்வு முடிந்தது. லைசென்ஸ் நேற்று வந்தது, உன் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த லைசென்ஸை எந்த முகத்தோடு அங்கே கொண்டுவந்து மாட்டுவேன்? வெர்னாவுக்குப் போன் செய்தேன். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

சோல்வெய்


ஹால்விக்
அக்டோபர் 15, 1995

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சாப்பிடு. முதலில் அதைச் செய்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன்.

நீ எழுதாமல் விட்ட காரணத்தை நான் எழுதுகிறேன். ஜூன் கடைசியில் வாரியத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது யார், பலகை மாட்டியது யார் என்று கேட்டிருந்தார்கள். நான்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிப் போட்டேன். லைசென்ஸ் இல்லாமல் நீ தொழில் தொடங்கிவிட்டாயோ என்று அவர்களுக்குச் சந்தேகம், உன் சின்ன விளக்கம் அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பெருமைக்கு ஒரு பலகை மாட்டி, உன் வாயை நானே கட்டிப்போட்டிருக்கிறேன். அதனால்தான் அதற்குப் பிறகு உன்னை நான் நெருக்கிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நேராகச் சொல்லியிருப்பாயோ என்னவோ.

டெல்மரின் போன் விஷயத்தை வெர்னாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியுமாம். போனை வைத்துவிட்டு அவளிடம், "ஆர்விட்டப் பாத்துக்கணுமாம், சோல்வெய் சொல்றா" என்று சொன்னானாம். மறுநாள் காலையில் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டானாம், அதற்கு முன்னால் வாரக்கணக்காகச் செய்யவில்லையாம். என்னைத் தேடி வந்த அந்த இரண்டு மாதமும் அவன் வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான் என்கிறாள். தெரியாமல் செய்தாலும் நீ அவனுக்கு ஒரு வேலை கொடுத்தாய், சோல்வெய். அவன் அதை ஒழுங்காகச் செய்தான். இதை வெர்னா உனக்கு எழுதச் சொன்னாள். உன்மேல் அவளுக்கு வருத்தம் இல்லை, போனை வைத்துவிட்டதற்குத்தான் வருத்தம்.

இனி என் பங்கைக் கேள். அறுவடை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல வந்தான். எனக்கு உடம்பெல்லாம் அசதி, ஹாட்டிஷும் அலுத்துவிட்டது. "டேய், நான் நல்லாத்தான்டா இருக்கேன். நாளையிலிருந்து வராத, போய் உன் சோலியப் பாரு" என்றேன். "நெஜமாவே நல்லா இருக்கியா?" என்று கேட்டான். "கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். "அப்ப சரி" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். அதுதான் நான் அவனோடு கடைசியாகப் பேசியது.

அறையை ஒட்டடை அடித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். வந்து லைசென்ஸை மாட்டு. எந்த முகத்தோடு என்று கேட்காதே, இருக்கிற முகத்தோடு வா. வெர்னா பேச வேண்டும் என்கிறாள். அவளைத் தவிர இரண்டு பேர் என்னிடம் வந்து, நீ எப்போது வருகிறாய் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயரை எழுதவில்லை.

சொந்த அண்ணனுக்கு நீ வைத்தியம் பார்க்க முடியாது, எந்த லைசென்ஸும் அதற்கு இடம் கொடுக்காது என்று பாஸ்டர் சொன்னார். அப்படியானால் மைனாட்டில் இருக்கிறாரே, அந்த டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடு. அங்கே உள்ளே போகிறவரை நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கிகள் பாஸ்டரிடமே இருக்கின்றன, திருப்பி வாங்கவில்லை. ஷெட்டுக்குள் போனால் வெளியே வரக் கால் எழவில்லை. சாப்பாடு தட்டிலேயே கிடக்கிறது. இந்தத் தடவை நீ எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம், அந்த ஆள் நான்தான்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அண்ணன் ஆர்விட்